தோடு காணோம்

எங்கள் பட்டறையில் தோடு காணாமல் போனால் அறையில் யாரும் அசையக்கூடாது. நின்றவர் நின்றபடி, உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடி. பிறகு ஒவ்வொருவராக அவரவர் உடுப்பை மெதுவாக உதற வேண்டும். விதியைப் போட்டவர் என் கணவர். அதைக் காப்பாற்றி வருபவள் நான்.

தோடு என்றால் காதில் போடுவது இல்லை. நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரிமோட் கார்களின் எஞ்சினை நாங்கள் பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றி, மறுபடி சேர்த்துக் கொடுக்கிறோம். எஞ்சின் எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். ஆனால் பெரிய காரில் இருக்கும் பிஸ்டன், கிராங்க், பேரிங் எல்லாம் அதிலும் உண்டு. பிஸ்டனையும், அதைக் கிராங்கோடு இணைக்கிற ராடையும் கோப்பது ஒரு பின். அந்தப் பின் பக்கவாட்டில் நகர்ந்துவிடாமல் இரண்டு முனையிலும் ஒரு சின்னக் கம்பி வளையம் உட்கார்ந்திருக்கும். அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அதைத்தான் தோடு என்போம். பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய்க்குப் பெயர் சட்டை. மேல்மூடிக்கு அடியில் போகிற மெல்லிய செப்பு வளையம் மோதிரம். எல்லாம் என் கணவர் வைத்த பெயர்கள். "பொண்ணைச் சிங்காரிக்கிற மாதிரி சேர்க்கணும்" என்பார். பெயர் வேடிக்கையாக இருந்தாலும் வேலை வேடிக்கையில்லை. தோடு கழன்றால் பின் நகர்ந்து சட்டையைக் கீறும், எஞ்சின் கதை முடியும். வாசல் பலகையில் எங்கள் குடும்பப் பெயர் இருக்கிறது. இங்கிருந்து போன எஞ்சின் தோடு கழன்று நின்றது என்று பந்தய மைதானத்தில் எவரும் இதுவரை சொன்னதில்லை.

இதைப் பொம்மை என்று சொன்னவர் ஒருவர் உண்டு. என் மருமகளின் அம்மா.

கல்யாணத்தன்று, என் காது கேட்கிற தூரத்தில் நின்று, "பொம்மை ரிப்பேர் பண்ற வீட்டுக்கா என் பொண்ணு போகணும்?" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை, நாங்களும் போகவில்லை. மகள் போன் செய்தால் அம்மா எடுக்க மாட்டார். அப்பா மட்டும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசுவார். தண்ணீர்ச் சத்தத்தில் பாதி கேட்காது. மருமகள் அந்தப் பாதியைக் கேட்டுவிட்டு வந்து வேலையில் உட்காருவாள். கண் சிவந்திருக்கும். எரிபொருள் வாடை என்பாள். நானும் அப்படியே வைத்துக்கொள்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த அம்மாவே போன் செய்தார். ஞாயிறு சாயங்காலம் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மருமகள் என் முன்னால் வந்து நின்றாள்.

"அத்தை, இந்த ஒரு நாள் மட்டும்..."

"நான் என்ன செய்யப்போறேன்?"

"நீங்க ஒண்ணும் செய்யாம இருந்தாலே போதும் அத்தை."

இப்படி என்னிடம் பேச எங்கள் வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் துணிச்சல். சரி என்றேன்.

சாயங்காலம் என்றவர்கள் காலையிலேயே வந்து நின்றார்கள். என் கணவரும் மகனும் கூடாரம் போட மைதானத்துக்குப் போய்விட்டார்கள். அன்று மத்தியானம் அங்கே பந்தயம். எங்கள் வாடிக்கையாளர் ஒரு பல் டாக்டர், அவருடைய எஞ்சின் மட்டும் எங்கள் மேசையில் இருந்தது. பேரிங்கும் பின்னும் தேய்ந்து போய் வந்தது. இரண்டையும் மாற்றியாயிற்று, சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. டாக்டர் போகிற வழியில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

"உள்ளே போய் உக்காரலாம், வாங்க" என்றேன்.

"என் பொண்ணு எங்கே இருக்காளோ அங்கே உக்காந்துக்கறேன்" என்றார் சம்பந்தியம்மாள். குரலில் சிரிப்பு இல்லை. நானும் வற்புறுத்தவில்லை.

பட்டறை என்பது வீட்டின் முன் அறை. ஜன்னலை ஒட்டி நீள மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி. சுவரில் குறடுகள் அளவுப்படி தொங்கும். அறை மூலையில் எஞ்சின் உடம்பைச் சூடாக்குகிற ஹீட் கன். தரையில் ஒரு துளி எண்ணெய் பார்க்க முடியாது, தினம் நானே துடைப்பேன். சம்பந்தியம்மாள் நாற்காலியை விரலால் தடவிப் பார்த்து, விரலையும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். விரலில் ஒன்றும் ஒட்டியிருக்காது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் அப்போது தெரிந்திருக்கும். கைப்பையை வெள்ளைத் துணியின் ஓரத்தில் வைத்தார்.

வேலை நடக்கும்போது அந்தத் துணியின்மேல் வெளிப்பொருள் எதுவும் வைக்கக்கூடாது. வேறு யாராக இருந்தாலும் எடுங்கள் என்றிருப்பேன். ஒன்றும் செய்ய மாட்டேன் என்று சொல்லியிருந்தேனே.

அழகான பைதான். வாய் காந்தத்தில் மூடும். அவர் கைக்குட்டை எடுக்கத் திறப்பார், டக். வைத்துவிட்டு மூடுவார், டக். கோபம் வரும்போதெல்லாம் கைக்குட்டை தேவைப்பட்டது.

"காதுல என்னடி ஒண்ணும் காணோம்?" என்றார் மகளைப் பார்த்து. "நான் போட்டு அனுப்பினது எங்கே?"

"மேலே பெட்டியில இருக்கும்மா. வேலை செய்யும்போது நகை போடக்கூடாது."

"அப்படியா." டக். கைக்குட்டை. இந்த முறை பையை மூடவில்லை.

சம்பந்தி இதற்குள் மேசைக்கு எதிரில் வந்து நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்காட்சிக்கு வந்தவர் மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இவ்வளவு சின்னதா இருக்கே, இது நிஜமாவே சுத்துமா?"

"நிமிஷத்துக்கு முப்பதாயிரம் சுத்து தாண்டும்ப்பா."

"அடேங்கப்பா! நம்ம வீட்டு மிக்ஸி எவ்வளவு சுத்தும்?"

"வாயை மூடிட்டு இருங்க" என்றார் அவர் மனைவி. "மிக்ஸி ரிப்பேர் பண்ணவா வந்தோம்?"

மருமகள் ஒரு பக்கத் தோடு போட்டு முடித்திருந்தாள். அந்த வேலையை எங்கள் வீட்டில் வெறுங்கையோடு செய்வதில்லை. கண்ணாடி மாதிரி இருக்கும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு கைகளையும் விட்டு, பிஸ்டனை இடது கையில் பிடித்து, கூர்மூக்குக் குறடால் தோட்டை அழுத்திப் பள்ளத்தில் உட்கார வைக்க வேண்டும். அது ஸ்பிரிங் கம்பி. குறடு கொஞ்சம் வழுக்கினால் துள்ளிவிடும். பைக்குள் துள்ளினால் பைக்குள் கிடக்கும்.

இரண்டாவது தோட்டை எடுத்தாள். கையைப் பைக்குள் விட்டாள்.

"என்னடி இது, கையை பிளாஸ்டிக்குக்குள்ள விட்டுக்கிட்டு? நோயாளிக் கை மாதிரி. பாக்கவே சகிக்கலை."

மருமகளின் காது மடல் சிவந்தது. கையை வெளியே எடுத்துக்கொண்டாள்.

நான் பார்த்தேன். அவளும் நான் பார்ப்பதைப் பார்த்தாள். அம்மா சொன்ன ஒரு வார்த்தைக்காவது கட்டுப்பட வேண்டும் என்று நினைத்திருப்பாள். வெளியிலேயே வைத்து அழுத்தினாள்.

'டிங்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"அத்தை, தோடு காணோம்!"

"யாரும் அசையாதீங்க!" என்றேன்.

பழக்கம். நாக்கு தானாகவே சொல்லிவிட்டது. அடுத்ததும் தானாகவே வந்தது. "அங்கங்கே நின்னபடி அவங்கவங்க உடுப்பை மெதுவா உதறுங்க. யாரும் வெளியே போகக்கூடாது."

சம்பந்தி அசையாமல் நின்று சட்டையை உதற ஆரம்பித்தார். நல்ல மனிதர். சம்பந்தியம்மாள் எழுந்து நின்றார். முகத்தில் ரத்தம் இல்லை.

"என்ன சொன்னீங்க?"

"அம்மா, அது வந்து..." என்றாள் மருமகள்.

"நீ பேசாதே. நான் சம்பந்தியம்மாவைக் கேக்கறேன். தோடு காணோம், உடுப்பை உதறு, வெளியே போகாதே. பொண்ணைப் பாக்க வந்தவளை நிக்க வச்சு சோதனை போடறீங்களா? என்னைத் திருடிங்கறீங்களா?"

"அம்மா, தோடுன்னா நம்ம தோடு இல்லம்மா! இதோ பாரு, இதுதான்." பிஸ்டனைத் தூக்கி, ஏற்கெனவே போட்டிருந்த பக்கத்தைக் காட்டினாள். கண்ணாடி போடாமல் அந்த அம்மாவால் அதைப் பார்த்திருக்க முடியாது.

"இந்தக் கம்பித் துண்டுக்குப் பேரு தோடா? யாருக்குடி காது குத்தறே? உன் காது மொட்டையா இருக்கு. தோடு காணோம்னு நீயே கத்தறே. கம்பியாம்!"

"மேலே போய் எடுத்துட்டு வந்து காட்டறேம்மா. பெட்டியிலதான் இருக்கு."

"போகாதே" என்றேன் நான்.

மருமகள் படியருகே நின்றுவிட்டாள்.

"இந்த வீட்டுல யாரும் சாட்சி கொண்டு வந்து காட்டறதில்லை" என்றேன். "சம்பந்தியம்மா, நான் உங்களை ஒண்ணும் சொல்லலை. கம்பியைத்தான் சொன்னேன். நம்பறதும் நம்பாததும் உங்க விருப்பம்."

வேறு யாராவது இன்னும் இதமாகச் சொல்லியிருப்பார்கள். எனக்குத் தெரிந்த இதம் அவ்வளவுதான். சொன்னது உண்மை, அதை இரண்டு தடவை சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

"கிளம்புங்க" என்றார் அவர், கணவரைப் பார்த்து. சம்பந்தி இன்னும் சட்டையை உதறிக்கொண்டிருந்தார். "உதறினது போதும், கிளம்புங்க!"

மேசையில் இருந்த பையை வெடுக்கென்று எடுத்தார். மூடினார்.

டக் என்ற சத்தம் வரவில்லை.

மறுபடி அழுத்தினார். வாய் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. பையை விலாவோடு சேர்த்து இடுக்கிக்கொண்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. காந்தம். திறந்த பை, மேசை ஓரம், துள்ளிய எஃகுக் கம்பி. மருமகளைப் பார்த்தேன். அவளுக்கும் புரிந்திருந்தது. வாயைத் திறந்தாள்.

"அம்மா, உன் பை..."

"ஹீட் கன்னை அணைச்சியா?" என்றேன்.

"அத்தை?"

"அணைச்சியான்னு கேட்டேன்."

"அணைச்சுட்டேன்..."

"போய்ப் பாரு."

போனாள். அணைத்துத்தான் இருந்தது. ஆனால் வார்த்தை வெளியே வரவில்லையே, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. திருடியா என்று கேட்ட அம்மாவிடம், உன் பையைக் காட்டு என்று பெற்ற பெண்ணே கேட்டால் அப்புறம் என்ன மிச்சம்? குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிற அப்பாகூட மிஞ்ச மாட்டார். என் வீட்டுக்கு வந்தவரின் பையை நானும் கேட்க மாட்டேன். அதற்குள் தோடு இருப்பது தெரிந்தாலும் கேட்க மாட்டேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் நின்றது. பல் டாக்டர். பெரிய உடம்பு, பெரிய குரல். பந்தய நாளில் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஆகிவிடுவார்.

"அம்மா, வந்துட்டேன்! சட்டை மாட்டியாச்சா? தோடு ரெண்டும் போட்டாச்சா? இந்தத் தடவை மோதிரம் ஒண்ணு போதும், போன தடவை ரெண்டு போட்டு மந்தமாயிடுச்சு." அப்புறம்தான் மற்றவர்களைப் பார்த்தார். "ஓ, விருந்தாளிங்களா? வணக்கம்."

வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த சம்பந்தியம்மாள் நின்றார். டாக்டரைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"டாக்டர், எஞ்சின் இன்னிக்கு ஆகாது" என்றேன்.

"என்னம்மா சொல்றீங்க? மத்தியானம் ஓட்டம்!"

"ஒரு தோடு போயிடுச்சு. பின்னோட ரெண்டுதான் வந்தது. வேற இல்லை. கடை நாளைக்குத்தான் திறப்பாங்க."

"பழசு இருக்குமே. கழட்டினதையே மாட்டிக் கொடுங்க. ஒரு மத்தியானம் தாங்காதா?"

"கழட்டின தோட்டை இந்த வீட்டுல திரும்பப் போடறதில்லை. உங்களுக்கே தெரியும்."

"தெரியும், ஆனா..." கையைப் பிசைந்தார். "அம்மா, என் ஆஸ்பத்திரில வேலை செய்யற எல்லாரையும் மைதானத்துக்கு வரச் சொல்லியிருக்கேன். நர்ஸ் உட்பட. உங்களை நம்பித்தானே. இங்கே கொடுத்தா சொன்ன நேரத்துக்கு வரும்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன்."

"இனிமே சொல்லாதீங்க" என்றேன். "இன்னிக்கு வரலை. அதையும் சேர்த்தே சொல்லுங்க. எங்க பேர்லதான் தப்பு."

இப்படி ஒரு வாக்கியத்தை நான் ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னதில்லை. நேராக நின்றுதான் சொன்னேன். மருமகள் ஹீட் கன் பக்கத்திலேயே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏப்ரனை இரண்டு கைகளாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் விடவில்லை. குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். "நல்லாத் தேடினீங்களா? எங்கேயாவது இரும்புல ஒட்டிக்கிட்டிருக்கும். அது எஃகுதானே? காந்தம் வச்சுப் பாத்தீங்களா, காந்தம்?"

மருமகள் தலையை நிமிர்த்தவே இல்லை. நான் சுவரில் இருந்த குறடுகளைப் பார்த்தேன்.

சம்பந்தியம்மாள் விலாவில் இடுக்கியிருந்த பையை மெதுவாக வெளியே எடுத்தார். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். பையின் வாயைத் திறந்து, காந்தம் இருக்கும் இடத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டு வந்தார். வெகு நேரம் பார்த்தார் என்றுதான் எனக்குப் பட்டது. அதை விரலால் தட்டி வாசலில் விட்டிருக்கலாம். படி இறங்கிப் போயிருக்கலாம். பார்த்தேன் என்று நான் எந்த நாளும் சொல்லியிருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். அவரும் விறைப்பான ஆள்தான்.

நகத்தால் நெம்பி எடுத்தார். திரும்பி வந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"உங்க தோடு" என்றார். "என் பைதான் திருடியிருக்கு."

"பையில காந்தம் இருந்தா திருடத்தான் செய்யும்" என்றேன். "உங்க மேல குத்தம் இல்லை."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தோட்டை வெளிச்சத்தில் பிடித்து, வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன். வளையவில்லை. சம்பந்தியம்மாள் மகளைப் பார்த்தார். மகள் இப்போதுதான் தலையை நிமிர்த்தியிருந்தாள். எரிபொருள் வாடை என்று சொல்ல அவளுக்கு நேரமில்லை.

"அழுதுக்கிட்டே போட்டா கை நடுங்காதாடி?" என்றார் சம்பந்தியம்மாள். "மூக்கைத் துடை. இந்தா." கைக்குட்டையைக் கொடுத்தார். "அந்த பிளாஸ்டிக்கு எங்கே? அதுக்குள்ள விட்டே போடு."

மருமகள் பிளாஸ்டிக் பைக்குள் கைகளை விட்டாள். நாங்கள் நான்கு பேரும் சுற்றி நின்றோம். குறடு தோட்டைப் பிடித்தது. அப்போதுதான் சம்பந்திக்குத் தும்மல் வந்தது. முகத்தைச் சுருக்கிக்கொண்டு கையைத் தூக்கினார்.

"அசையாதீங்க!" என்றார் அவர் மனைவி. "தோடு போட்டுட்டிருக்கா, தெரியலை?"

சம்பந்தி மூச்சை அடக்கினார். டாக்டரும் சேர்ந்து அடக்கினார், அவருக்குத் தும்மல் வராமலேயே. பைக்குள் 'க்ளிக்' என்று ஒரு சின்னச் சத்தம். மருமகள் தோட்டை நகத்தால் ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தாள். பள்ளத்தில் சரியாக உட்கார்ந்து, வழுக்கிக்கொண்டு திரும்பியது.

"உக்காந்துடுச்சு அத்தை."

சம்பந்தி தும்மினார்.

மீதி வேலையில் சொல்லும்படி ஒன்றுமில்லை. பிஸ்டனை மேலேயிருந்து இறக்கி, ராடைக் கிராங்கில் மாட்டினாள். எஞ்சின் உடம்பை லேசாகச் சூடு காட்டி, சட்டையை, அதில் உள்ள வெட்டு நேராக வரும்படி பார்த்து இறக்கினாள். பின்மூடி, மோதிரம் ஒன்று, மேல்மூடி. திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். ஒரே பக்கமாக இறுக்கினால் மூடி கோணிக்கொள்ளும் என்று தன் அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே செய்தாள். அவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். சம்பந்தியம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. மேசையிலிருந்து தள்ளி, பையை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் மூடிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார்.

"இந்த எஞ்சின் ஜெயிக்குமா?"

எஞ்சின் என்றார். நான் கவனித்தேன்.

"அது ஓட்டறவர் கையில இருக்கு" என்றேன். "நடுவுல நிக்காது. அது எங்க பொறுப்பு."

டாக்டர் அன்று நான்காவதாக வந்தார். எஞ்சின் நிற்கவில்லை. சம்பந்தி மைதானத்துக்குப் போயே தீருவேன் என்று டாக்டரின் காரிலேயே ஏறிக்கொண்டார். சம்பந்தியம்மாள் எங்களோடு இருந்தார். மகள் மேலேயிருந்து பெட்டியைக் கொண்டு வந்து தோட்டைப் போட்டுக்கொண்டாள். நான் கொண்டு வரச் சொல்லவில்லை. வேலை முடிந்துவிட்டது, போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். அம்மா அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு உள்ளே வேலை இருந்தது, போய்விட்டேன். சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன். அவர்கள் பேசியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

கிளம்பும்போது மன்னிப்பு என்ற வார்த்தையை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. "வரேன்" என்றார். "வாங்க" என்றேன்.

அடுத்த மாதம் வந்தார். பட்டறைக்குள் நுழையும் முன்பே பையை வாசல் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார். புதுப் பை. வாயில் ஜிப் வைத்தது. நான் அதைப் பார்த்தேன்.